தாயைக் காத்த கைகள்: மருத்துவச்சியர் வரலாறு

'மருத்துவன்' என்னும் சொல்லுக்குப் பெண்பால் என்ன? பள்ளி மாணவரும் 'மருத்துவச்சி' என்று உடனே விடை கூறிவிடுவார். விடை சரிதான். ஆனால் இன்று ஒரு பெண் டாக்டரை யாரேனும் 'மருத்துவச்சி' என்று அழைத்தால் அவர் முகம் சுளிப்பார். நோய் தீர்க்கும் பெண் என்ற பொருளில் பிறந்த சொல், ஊர்ப்புறத்தில் பேறு பார்க்கும் பெண் என்ற அளவுக்குச் சுருங்கிவிட்டது.

பிற மொழியினர் அவளுக்கு என்ன பெயர் வைத்தார்கள் என்று பாருங்கள். பிரெஞ்சு மொழியில் அவள் 'அறிவுடைய பெண்'. ஆங்கிலத்தில் 'மிட்வைஃப்'; 'பெண்ணோடு கூட இருப்பவள்' என்பது அதன் பழைய பொருள். ஐஸ்லாந்து நாட்டினர் இவர்கள் எல்லாரையும் மிஞ்சிவிட்டார்கள். அவர்கள் மொழியில் மருத்துவச்சி 'ஒளியின் தாய்'!

பெயரில் இவ்வளவு மதிப்பு இருந்தும், சட்டம் அவளை எல்லா நாடுகளிலும் ஒன்றுபோல நடத்தவில்லை. ஒரு நாடு அவளுக்குப் பள்ளிக்கூடம் கட்டியது. மற்றொரு நாடு அவளை நீதிமன்றத்தில் ஏற்றியது. யார் செய்தது சரி? இக்கட்டுரையாளன் இயற்பியல் ஆசிரியனேயன்றி மருத்துவன் அல்லன். எனவே இக்கேள்வியை எண்களின் வழியாகவே அணுக விரும்புகிறேன். நல்ல வேளையாக, இத்துறையில் எண்கள் நிறையவே இருக்கின்றன. ஒவ்வோர் எண்ணுக்குப் பின்னும் ஒரு தாயின் உயிர் இருக்கிறது என்பதை மட்டும் நாம் மறந்துவிடக் கூடாது.

வியன்னாவின் இரண்டு கூடங்கள்

தனி ஊசலின் அலைவு நேரம் எதைப் பொறுத்தது என்று ஆய்வுக்கூடத்தில் எப்படிக் கண்டுபிடிக்கிறோம்? நூலின் நீளத்தை மாற்றாமல் குண்டை மட்டும் மாற்றிப் பார்க்கிறோம். பிறகு குண்டை மாற்றாமல் நீளத்தை மாற்றுகிறோம். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும் என்பது சோதனையின் முதல் விதி. மனிதர்களை வைத்து இத்தகைய சோதனை செய்ய எவரும் துணியமாட்டார்கள். ஆனால் வியன்னா நகரப் பொது மருத்துவமனையில், யாரும் திட்டமிடாமலேயே அப்படி ஒரு சோதனை நடந்துகொண்டிருந்தது.

அம்மருத்துவமனையில் இரண்டு மகப்பேற்றுக் கூடங்கள் இருந்தன. 1840ஆம் ஆண்டு முதல், முதற்கூடத்தில் மருத்துவ மாணவர்கள் மட்டும் பயிற்சி பெற்றனர். இரண்டாம் கூடத்தில் மருத்துவச்சிப் பயிற்சி பெறும் பெண்கள் மட்டும் பயின்றனர். பேறுகாலப் பெண்களை ஒரு நாள் முதற்கூடத்திலும் மறுநாள் இரண்டாம் கூடத்திலுமாக ஏறக்குறைய மாற்றி மாற்றிச் சேர்த்தார்கள். ஆகவே இரு கூடங்களுக்கும் வந்தவர்கள் ஒரே தரத்து மக்கள்தாம். பெரும்பாலும் ஏழைப் பெண்கள்.

1841 முதல் 1846 வரை ஆறு ஆண்டுகளில், மாணவர் கூடத்தில் 20,042 பேறுகள் நடந்தன. 1,989 தாய்மார்கள் இறந்தனர். மருத்துவச்சியர் கூடத்தில் 17,791 பேறுகள், 691 இறப்புகள். அதாவது முதற்கூடத்தில் நூற்றுக்குப் பத்துப் பேர். இரண்டாம் கூடத்தில் நூற்றுக்கு நான்கு பேருக்கும் குறைவு. 1846ஆம் ஆண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மாணவர் கூடத்தில் 4,010 பேறுகளில் 459 தாய்மார்கள் மாண்டனர். மருத்துவச்சியர் கூடத்தின் விகிதம் அங்கும் இருந்திருந்தால் சுமார் 112 பேரே இறந்திருப்பார்கள். ஒரே ஆண்டில், ஒரே கூடத்தில், 347 தாய்மார்கள் வீணே மடிந்தார்கள்!

நகரத்துப் பெண்களுக்கு இந்த வேறுபாடு தெரிந்தே இருந்தது. முதற்கூடத்தில் சேர்க்க வேண்டாம் என்று அவர்கள் மண்டியிட்டுக் கெஞ்சினார்கள். மருத்துவமனைக்கு வரும் வழியில் தெருவிலேயே குழந்தை பெற்றவர்களுக்குக்கூட இந்தப் பிரசவக் காய்ச்சல் அவ்வளவாக வருவதில்லை.

1846இல் முதற்கூடத்தில் உதவி மருத்துவராகச் சேர்ந்த இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற ஹங்கேரி நாட்டு இளைஞரை இந்த எண்கள் உறங்கவிடவில்லை. அவர் காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சோதித்து விலக்கினார். கூட்ட நெரிசல் காரணமா? இரண்டாம் கூடத்தில்தான் நெரிசல் அதிகம். எல்லாரும் அங்கேயே செல்ல விரும்பினார்களல்லவா! உணவா, தட்பவெப்பமா? இரண்டும் இரு கூடங்களுக்கும் பொது. முதற்கூடத்தில் பெண்கள் மல்லாந்து படுத்தும், இரண்டாவதில் ஒருக்களித்துப் படுத்தும் குழந்தை பெற்றார்கள். அதையும் மாற்றிப் பார்த்தார், பயனில்லை. இறக்கும் நிலையில் உள்ளவர்களுக்குச் சடங்கு செய்ய வரும் பாதிரியார் மணியடித்துக்கொண்டு முதற்கூடத்தின் வழியே நடப்பார். அந்த அச்சம்தான் காரணமோ என்று மணியையும் நிறுத்தச் செய்தார். இறப்பு குறையவில்லை.

1847 மார்ச்சில் அவருடைய நண்பர் கொலெட்ஷ்கா காலமானார். சவப் பரிசோதனையின்போது ஒரு மாணவரின் கத்தி அவர் விரலில் பட்டுவிட்டது. அதனால் உண்டான நோயே அவரைக் கொன்றது. அவருடைய உடலில் காணப்பட்ட மாறுதல்கள், பிரசவக் காய்ச்சலில் இறந்த பெண்களின் உடலில் காணப்பட்டவை போலவே இருந்தன. செம்மல்வைஸுக்கு உண்மை விளங்கியது. மாணவர்களும் டாக்டர்களும் காலையில் பிணவறையில் உடல்களை அறுத்துப் பார்த்துவிட்டு, அதே கைகளுடன் பேறு பார்க்க வந்தார்கள். மருத்துவச்சிப் பயிற்சியில் சவப் பரிசோதனை கிடையாது. இரு கூடங்களுக்கும் இருந்த வேறுபாடு இந்த ஒன்றுதான்.

அவ்வாண்டு மே மாத நடுவில் அவர் ஒரு விதி செய்தார். கூடத்தில் நுழைபவர்கள் குளோரின் கரைசலில் கை கழுவியாக வேண்டும். முதலில் பயன்படுத்திய கரைசல் விலை மிகுந்ததாக இருந்தபடியால், பின்னர் குளோரின் ஏற்றிய சுண்ணாம்பு, அதாவது நாம் அறிந்த பிளீச்சிங் பவுடர், பயன்படுத்தப்பட்டது. 1847 ஏப்ரலில் நூற்றுக்குப் பதினெட்டாக இருந்த இறப்பு, ஜூனில் இரண்டாக வீழ்ந்தது. 1848இல் முதற்கூடத்தில் 3,556 பேறுகளில் 45 பேரே இறந்தனர். மருத்துவச்சியர் கூடத்தில் 3,219க்கு 43. இரு கூடங்களும் சமமாகிவிட்டன!

இதிலிருந்து மருத்துவச்சிகள் டாக்டர்களைவிடத் திறமைசாலிகள் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அவர்களுடைய கைகள் பிணவறைக்குச் செல்லவில்லை, அவ்வளவே. ஸ்காட்லாந்தின் அபர்தீன் நகரத்தில் அலெக்சாண்டர் கோர்டன் என்னும் டாக்டர் 1795இலேயே ஒரு நூல் வெளியிட்டார். எந்தெந்தத் தாய்க்கு யார் யார் பேறு பார்த்தார்கள் என்று அதில் அட்டவணையிட்டார். காய்ச்சலைச் சுமந்து சென்றவர்கள் மருத்துவச்சிகளும், ஏன், தாமுந்தான் என்று அவர் வெளிப்படையாக எழுதினார். ஊரார் அவர்மேல் சினங்கொண்டனர். அவர் அந்நகரைவிட்டே வெளியேற நேர்ந்தது. செம்மல்வைஸும் தம் காலத்து மருத்துவ உலகத்தின் ஏளனத்துக்கு ஆளாகி, 1865இல் ஒரு மனநோய் விடுதியில் மாண்டார். கை யாருடையதாயினும் தூய்மையாக இருக்க வேண்டும் என்ற எளிய உண்மைக்குத்தான் இவ்வளவு விலை!

மன்னர் அனுப்பிய ஆசிரியை

தூய்மை ஒரு பாதி. பயிற்சி மறு பாதி. பயிற்சியின் வரலாற்றைக் காணப் பிரான்சுக்குச் செல்வோம்.

1759இல் பதினைந்தாம் லூயி மன்னர் ஒரு பெண்மணிக்கு அரசாணை வழங்கினார். மதாம் து கூத்ரே என்ற அந்த மருத்துவச்சி, நாடு முழுவதும் சுற்றிக் கிராமப் பெண்களுக்குப் பேறு பார்க்கும் கலையைக் கற்பிக்க வேண்டும் என்பது ஆணை. ஏறக்குறைய கால் நூற்றாண்டுக் காலம், 1783 வரை, அவர் ஊர் ஊராகச் சென்று கற்பித்தார். அவரிடம் நேரே பயின்றவர்கள் மட்டும் பல்லாயிரவர்.

அவருடைய மாணவியரில் பலர் எழுத்தறியாதவர்கள். அவர்களுக்கு எவ்வாறு பாடம் சொல்வது? இந்த இடத்தில் ஆசிரியத் தொழில் செய்பவர் எவரும் அவரை வணங்கத்தான் வேண்டும். அவர் துணியாலும் தோலாலும் பஞ்சாலும் ஒரு பொம்மையை உருவாக்கினார். தாயின் இடுப்பெலும்புப் பகுதியும், உள்ளே குழந்தையும், நஞ்சும், கொடியும் உள்ளபடியே அமைந்த பொம்மை அது. 'இயந்திரம்' என்று அதற்குப் பெயர். குழந்தை தலைகீழாக இருந்தால் என்ன செய்வது, குறுக்கே கிடந்தால் என்ன செய்வது, கால் முதலில் வந்தால் என்ன செய்வது என்று ஒவ்வொரு நிலையையும் மாணவியர் தங்கள் கையால் செய்து பழகினார்கள். முதல் தவறு பொம்மையின்மேல் நடக்கட்டும். உயிருள்ள தாயின்மேல் வேண்டாம் என்பது அவர் கொள்கை. இன்று மருத்துவக் கல்லூரிகளில் மாணவர்கள் மாதிரி உருவங்களில் பயில்வதும் இதே முறைதான். அவருடைய பொம்மைகளில் ஒன்று இன்றும் பிரான்சின் ரூவான் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஊருக்கு ஒரு மருத்துவச்சி

கல்வியையும் சட்டத்தையும் கணக்கெடுப்பையும் ஒருங்கே இணைத்த நாடு சுவீடன். அங்கே 1749 முதல் பாதிரியார்கள் மூலம் நாடு முழுவதும் பிறப்பு, இறப்புக் கணக்கு எடுக்கப்பட்டது. எண்ணத் தொடங்கியதும் உண்மை கண்ணுக்குத் தெரிந்தது. ஓராண்டில் பேறுகாலத்தில் இறந்த 651 தாய்மார்களில் 400 பேரையாவது, போதிய மருத்துவச்சிகள் இருந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று 1751இல் அந்நாட்டு மருத்துவக் குழு அறிவித்தது. அக்காலத்தில் ஒரு லட்சம் பிறப்புக்குச் சுமார் 900 தாய்மார்கள் அங்கே இறந்துகொண்டிருந்தார்கள்.

1757இல், நாட்டின் எல்லாப் பகுதிகளுக்கும் பயிற்சி பெற்ற மருத்துவச்சிகளை ஆயத்தம் செய்யும் திட்டத்தைச் சுவீடன் நாடாளுமன்றம் ஏற்றது. பனியும் காடும் நிறைந்த அந்நாட்டில் கிராமங்கள் ஒன்றுக்கொன்று வெகு தொலைவு. அவசரத்துக்கு டாக்டர் வந்து சேர்வது இயலாத காரியம். எனவே 1829இல் அந்நாடு ஒரு துணிச்சலான முடிவு எடுத்தது. குழந்தையை வெளியே எடுக்கும் ஆயுதங்களை, மற்ற நாடுகளில் டாக்டர்கள் மட்டுமே தொடலாம் என்று இருந்தவற்றை, தனிப் பயிற்சி பெற்ற மருத்துவச்சிகள் பயன்படுத்த அனுமதி அளித்தது. லிஸ்டர் கண்ட கிருமிநாசினி முறை வெளியானதும், 1881இல் அதை நாடெங்கும் உள்ள மருத்துவச்சிகளுக்குக் கட்டாயமாக்கியது.

விளைவு என்ன? 1900 வாக்கில் அங்குத் தாய் இறப்பு லட்சத்துக்குச் சுமார் 230 ஆகக் குறைந்தது. தொழில் வளத்தில் உலகுக்கே தலைமை தாங்கிய இங்கிலாந்தில் அது ஏறக்குறைய இருமடங்காக இருந்தது. அந்த நாளில் சல்ஃபா மருந்து இல்லை, பெனிசிலின் இல்லை, இரத்த வங்கி இல்லை. சுவீடனிடம் இருந்தவை பயிற்சி, தூய்மை, கணக்கு ஆகிய மூன்றுமே.

சட்டத்தின் இரண்டு முகங்கள்

இங்கிலாந்து நெடுங்காலம் தயங்கியது. மருத்துவச்சிகளுக்குப் பதிவு கொடுத்தால் தங்கள் வருமானம் குறையும் என்று டாக்டர்களில் ஒரு சாரார் எதிர்த்தனர். கடைசியில் 1902இல் மருத்துவச்சியர் சட்டம் பிறந்தது. ஒரு மைய வாரியம் அமைந்தது. பயிற்சியும் தேர்வும் பதிவேடும் வந்தன. பதிவு பெறாதவர் கூலிக்குப் பேறு பார்ப்பதை 1910 முதல் சட்டம் தடுத்தது. ஆயினும் அந்த வாரியத்தில் ஒரு மருத்துவச்சியாவது இருந்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை! குறை இருந்தாலும், இந்தச் சட்டம் மருத்துவச்சியை ஒழிக்கவில்லை, உயர்த்தியது. 1936இல் வந்த மற்றொரு சட்டம், ஊராட்சி அமைப்புகளின் கீழ்ச் சம்பளம் பெறும் மருத்துவச்சிகளை ஏற்படுத்தியது.

அமெரிக்கா வேறு பாதையில் சென்றது. அங்கே நாடு முழுவதற்கும் பொதுவான பயிற்சியோ சட்டமோ ஏற்படவில்லை. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஹன்னா போர்ன் என்னும் மருத்துவச்சி பேறு பார்த்துவந்தார். அவர் பின்லாந்திலிருந்து குடியேறியவர். உரிமம் இல்லாமல் மருத்துவத் தொழில் செய்ததாக அவர்மீது வழக்குத் தொடரப்பட்டது. 1907இல் மாநிலத்தின் தலைமை நீதிமன்றம் அவர் குற்றவாளி என்ற தீர்ப்பை உறுதி செய்தது. தொழிலை விடாத அவர் பின்னர்ச் சிறைக்கும் சென்றார். அவர் கையில் பிறந்த குழந்தைகளின் இறப்பு வீதம் அவ்வூர் டாக்டர்களின் கையில் பிறந்தவற்றைவிடப் பாதிக்கும் குறைவு என்பதைப் பல ஆண்டுகள் கழித்து ஆய்வாளர் ஒருவர் பழைய பதிவேடுகளிலிருந்து கணக்கிட்டுக் காட்டினார்.

1912இல் விட்ரிஜ் வில்லியம்ஸ் என்ற புகழ்பெற்ற மகப்பேற்றுப் பேராசிரியர், அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளுக்கு வினாக்கள் அனுப்பி விடைகளைத் தொகுத்தார். வந்த விடைகள் அதிர்ச்சி தந்தன. மருத்துவச்சிகளிடம் எவ்வளவு தாய்மார்கள் இறக்கிறார்களோ, விகிதப்படி அவ்வளவு பேர் பொது மருத்துவர்களிடமும் இறக்கிறார்கள் என்று பேராசிரியர்களே ஒப்புக்கொண்டார்கள். டாக்டர்களின் பயிற்சியைச் சீர்திருத்த வேண்டும் என்று வில்லியம்ஸ் எழுதினார். ஆனால் மருத்துவச்சிக்கு அவர் சொன்ன வழி என்ன? பெருநகரங்களில் அவளைப் படிப்படியாக ஒழித்துவிட வேண்டும் என்பதே! பயிற்சிக் குறைவு இருவருக்கும் பொது. பள்ளி ஒருவருக்கு, தடை மற்றவருக்கு. 1915இல் அமெரிக்காவில் லட்சத்துக்குச் சுமார் 600 தாய்மார்கள் இறந்தார்கள்.

1935க்குப் பின் சல்ஃபா மருந்துகள் வந்தன. தொடர்ந்து பெனிசிலினும் இரத்தம் ஏற்றும் முறையும் வந்தன. எல்லா வளமிக்க நாடுகளிலும் தாய் இறப்பு வேகமாக வீழ்ந்தது. இதற்கான பெருமை மருந்தையே சேரும். ஆனால் மருந்து வருமுன்பே பாதி வழியைக் கடந்த நாடு, மருத்துவச்சியை நம்பிப் பயிற்றுவித்த நாடுதான்.

நம் பக்கத்துத் தீவும் நம் ஊரும்

இவை குளிர்நாட்டுக் கதைகள், பணக்கார நாட்டுக் கதைகள் என்று எண்ணுகிறீர்களா? பாக் நீரிணைக்கு அப்பால் பாருங்கள். இலங்கையில் 1930-களில் லட்சத்துக்கு 2,000 தாய்மார்களுக்கு மேல் இறந்தார்கள். மலேரியா ஒரு பெருங்காரணம். 1926இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கியது. நாட்டை வட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு வட்டத்துக்கும் பயிற்சி பெற்ற ஒரு மருத்துவமாது பொறுப்பு என்ற முறை பரவியது. கருவுற்ற ஒவ்வொரு பெண்ணின் பெயரும் அவளுடைய பதிவேட்டில் இருக்கும். அவளே வீடு தேடிச் செல்வாள். சிக்கல் தெரிந்தால் மருத்துவமனைக்கு அனுப்புவாள். இலவச மருத்துவம், பெண் கல்வி, மலேரியா ஒழிப்பு ஆகியனவும் சேர்ந்துகொண்டன. 1950-களின் நடுவில் அவ்வெண் 500க்கும் கீழே இறங்கியது; இப்போது சுமார் 30 அளவில் இருக்கிறது. வருமானத்தில் முன்னணியில் இல்லாத நாடு ஒன்று, ஒரே தலைமுறையில் நான்கில் மூன்று பங்கு இறப்பைத் தடுத்துவிட்டது!

நம் தமிழகத்திலும் இதன் வேர்கள் பழையவை. சென்னையில் 1844இல் மகப்பேற்று மருத்துவமனை ஏற்பட்டது. 1854இல் அங்கே மருத்துவச்சியர் பயிற்சிப் பள்ளிக்கு அரசு அனுமதி அளித்தது. தாதியரையும் மருத்துவச்சியரையும் பதிவு செய்யும் சென்னை மாகாணச் சட்டம் 1926இல் வந்தது. ஆனால் கிராமங்களில் நெடுநாள் வரை பேறு பார்த்தவர்கள், பெரும்பாலும் நாவிதர் குலத்து மூதாட்டிகள். சாதி ஏணியில் அவர்களைத் தாழ்த்தி வைத்த அதே சமூகம், நள்ளிரவில் வலி கண்டதும் அவர்கள் வாசலுக்குத்தான் ஓடியது. அவர்களிடம் அனுபவம் இருந்தது, பொறுமை இருந்தது. கிருமியைப் பற்றிய அறிவை மட்டும் யாரும் அவர்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை. கொதிக்க வைக்காத கருவியால் கொடி அறுக்கப்பட்டு, எத்தனையோ சிசுக்கள் வில்வாத நோய்க்கு இரையாயின. குற்றம் அந்தக் கிழவியுடையதா, அவளுக்குக் கற்பிக்காத நம்முடையதா என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

இன்று தமிழகத்தில் பேறுகள் ஏறக்குறைய அனைத்தும் மருத்துவமனைகளிலேயே நடக்கின்றன. கிராமச் சுகாதாரச் செவிலியர் கர்ப்பிணிகளைப் பதிவு செய்து கண்காணிக்கின்றனர். இது பெரிய வெற்றி. ஆனால் வேறொரு கேள்வி எழுந்துள்ளது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் நூறு பேறுகளில் சுமார் 45 சிசேரியன் அறுவை. தனியார் மருத்துவமனைகளில் சுமார் 64. உலகச் சுகாதார நிறுவனம் 1985இல் ஏற்றதெனக் கூறிய அளவு 10 முதல் 15 விழுக்காடு. அறுவை உயிர் காக்கும் என்பதில் ஐயமில்லை. தேவையற்ற அறுவையோ தாய்க்குச் சுமை. இயல்பான பேற்றைப் பொறுமையுடன் உடனிருந்து நடத்தித் தரும் ஆள் குறைந்துபோனது இந்நிலைக்கு ஒரு காரணம்.

உலக மருத்துவச்சியர் கூட்டமைப்பு, நேரடியாகச் சேர்பவருக்கு மூன்றாண்டும், செவிலியராக உள்ளவருக்குப் பதினெட்டு மாதமும் குறைந்தபட்சப் பயிற்சி என வகுத்துள்ளது. இந்திய அரசும் 2018இல், தேர்ந்த செவிலியருக்குப் பதினெட்டு மாத மருத்துவச்சிப் பயிற்சி அளிக்கும் நெறிமுறையை வெளியிட்டது. 1947ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக, 2023இல் தேசியச் செவிலியர், மருத்துவச்சியர் ஆணையச் சட்டம் இயற்றப்பட்டது.

சட்டம் எழுதுவது எளிது. அது பள்ளியாக மாறுகிறதா, வேலியாக நின்றுவிடுகிறதா என்பதைப் பொறுத்தே தாய்மார்கள் வாழ்வதும் மாள்வதும். வியன்னா, சுவீடன், இலங்கை ஆகிய மூன்றும் காட்டுவது ஒன்றுதான்: கையைக் கழுவு, கற்பி, கணக்கு வை, தன் அளவுக்கு மீறியதை உடனே மேலிடத்துக்கு அனுப்பு. இந்த நான்கையும் செய்யத் தெரிந்த பெண்ணை மருத்துவச்சி என்று அழைப்பதில் தாழ்வு ஏதுமில்லை. அது அவளுக்கு உரிய பழைய பெயரே.